வட்டெறி ஆட்டமும் அதன் பந்தயக் களமும்

ஒரு பந்தயம் நடந்தேறியதும், "கெலித்தவர் யார்?" என்று வினவுவது உலக வழக்கம். "வந்து ஆடினவர் எத்துணைப் பேர்?" என்று வினவுவார் அரியர். கெலித்தவர் பெயர் கேடயத்தில் பொறிக்கப்படும். வந்து, ஆடி, தோற்று, தம் ஊர் திரும்பினவர் பெயரோ எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும், ஒருவன் பெற்ற வெற்றியை அளக்கும் கோல் யாது என ஆராயின், அஃது அவனிடம் தோற்றவருடைய தொகையும் தகுதியுமே என்பது புலனாகும். இவ்வுண்மை எல்லா விளையாட்டுகட்கும் பொதுவாம். ஆயினும் ஒரு விளையாட்டில் இது கணக்கு வடிவாகவே அமைந்து கிடக்கின்றது. அஃது ஐக்கிய அமெரிக்க நாட்டிலே தோன்றிய "டிஸ்க் கால்ப்" என்பதாம். டிஸ்க் என்பதை வட்டு என்னும் பழஞ்சொல்லாற் குறித்து, இதனை வட்டெறி ஆட்டம் என்று நாம் இங்கு வழங்குவோம்.

ஆட்டத்தின் இயல்பு

கால்ப் ஆட்டத்தை நம் நேயர்கள் கண்டிராவிடினும் கேட்டிருப்பர். சிறு பந்தினைக் கோலால் அடித்து, மிகக் குறைந்த அடிகளில் தொலைவிலுள்ள குழியில் வீழ்த்துவதே அதன் நோக்கம். வட்டெறி ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாக பிளாஸ்டிக் வட்டு. கோலுக்குப் பதிலாக ஆடுவோன் கை. குழிக்குப் பதிலாக ஒரு தூணில் அமைத்த இரும்புக் கூடை. அக்கூடைக்கு மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும். பறந்து வரும் வட்டு சங்கிலியில் மோதி, விசையிழந்து, கீழே கூடையில் வீழும். பல களங்களில் பதினெட்டு இலக்குகள் உண்டு. அவை அனைத்தையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவனே வெற்றியாளன்.

எறியப்படும் வட்டு சுமார் 150 முதல் 180 கிராம் வரை நிறையுடையது. நெடுந்தூரம் செல்வதற்கென விளிம்பு மெலிந்தவை ஒரு வகை. இடைத்தூரத்திற்கென ஒரு வகை. கூடையருகே மெல்ல இடுவதற்கென விளிம்பு தடித்தவை மற்றொரு வகை. ஆதலின் வட்டுகள் பலவற்றை ஒரு பையிலிட்டுச் சுமந்து செல்வர். வட்டின் சுழற்சியே அதனை நிலைபெறப் பறக்கச் செய்கின்றது. வேகம் தணியுங்கால் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும். வலக்கையன் புறங்கையாக எறிந்தால் இறுதியில் அஃது இடப்புறம் வளையும். இவ்வளைவை முன்னறிந்து, மரங்களைச் சுற்றியும், காற்றை எதிர்த்தும் எறிவதே இவ்வாட்டத்தின் நுட்பம். தேர்ந்தவர் 500 அடிக்கு மேலும் எறிய வல்லர். எனினும், 30 அடித் தூரத்தில் நின்று கூடையில் இடுகையில் கை நடுங்கித் தோற்றவர் அவர்களிலும் பலராவர்.

தோன்றி வளர்ந்த வரலாறு

பறக்கும் வட்டினை பிரெட் மாரிசன் என்பார் வகுத்தார். வாம்-ஓ என்னும் கம்பெனியார் 1957ஆம் ஆண்டில் அதனை விற்கத் தொடங்கினர். பின்னர் அது "பிரிஸ்பி" எனப் பெயர் பெற்றது. பூங்காக்களில் மரத்தையும் விளக்குத் தூணையும் இலக்காகக் கொண்டு இளைஞர் அதனை எறிந்து மகிழ்ந்தனர். நியூயார்க் மாகாணத்து ரோசெஸ்டர் நகரத்தாரும் அத்தகையோரே. தம்மைப் போல ஆடுவோர் பிறவூர்களிலும் உளரோ என்று காணும் ஆவலால், 1974ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு பொதுப் பந்தயம் கூட்டினர். வெளியூரார் வருதல் வேண்டும் என்பதற்காக ஒரு புது மோட்டார் வண்டியையே பரிசாக வைத்தனர். அவ்வண்டியை வென்றவர் வெளியூரிலிருந்து வந்த டான் ராடிக் என்பவர். உள்ளூரார் வண்டியை இழந்தனர். ஆயின் நாடெங்கும் தமக்குத் தோழர் உளர் என்பதை அறிந்தனர். இஃதன்றோ பெரும் ஊதியம்!

அடுத்த ஆண்டில், எட் ஹெட்ரிக் என்பார் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் நிலையான முதற்களத்தை அமைத்தார். 1976இல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவியவரும், சங்கிலிக் கூடையைக் கண்டு 1977இல் அதற்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. 1982இல் அச்சங்கத்தின் முதல் உலகப் பந்தயம் நிகழ்ந்தது. கென் கிளைமோ என்பார் 1990 முதல் 1998 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து அதனை வென்றதும், மொத்தத்தில் பன்னிரு முறை உலக வீரர் ஆனதும் இவ்வாட்டத்தின் வரலாற்றில் வியத்தகு செய்திகளாம். அமெரிக்காவில் பிறந்த இவ்வாட்டம் பின்லாந்து, எஸ்டோனியா முதலிய வடநாடுகளிலும் வேரூன்றியது. 2022, 2023 ஆகிய ஈராண்டுகளிலும் பெண்டிர் பிரிவில் உலகப் பட்டம் பெற்ற கிறிஸ்டின் தட்டார் எஸ்டோனியா நாட்டவர். 2025ஆம் ஆண்டின் உலகப் பந்தயம் பின்லாந்திலேயே நடைபெற்றது.

தகுதி எண்

இனி, நாம் தொடக்கத்திற் குறித்த கணக்குக்கு வருவோம். சங்கத்தில் உறுப்பினராகிப் பந்தயங்களில் ஆடும் ஒவ்வொருவருக்கும் ஒரு தகுதி எண் உண்டு. தேர்ந்த ஆட்டத்திற்கு 1000 என்பது அளவு. பொதுவான ஒரு களத்தில் ஓர் எறி ஏறத்தாழ பத்து எண்களுக்குச் சமம். 950 எண்ணுடையான் 1000 எண்ணுடையானிலும் ஒரு சுற்றில் ஐந்து எறிகள் மிகுதியாக எறிவான் என்று கொள்ளலாம்.

இவ்வெண் எங்ஙனம் கணிக்கப்படுகின்றது? ஒரு களம் எளிது, மற்றொன்று கடிது. ஒரு நாள் காற்றில்லை. மற்றொரு நாள் புயல். எனவே எறிகளின் தொகையை மட்டும் கொண்டு ஒருவனை அளத்தல் நேர்மையாகாது. ஆதலின், அன்று அக்களத்தில் ஆடியவருள் முன்னமே தகுதி எண் பெற்றிருப்போர் பலரையும், அவர்கள் எறிந்த தொகையையும் ஒருங்கே நோக்கி, அந்நாளுக்குரிய அளவை வகுக்கின்றனர். உதாரணமாக, 950 அளவுடையோர் அன்று சராசரி 60 எறிகளில் முடித்தனராயின், 60 எறிந்த எவனுக்கும் அச்சுற்று 950 என மதிக்கப்படும். 58 எறிந்தவனுக்கு ஏறத்தாழ 970 ஆம்.

இதன் பொருளை நேயர்கள் நன்கு சிந்தித்தல் வேண்டும். முதல்வனாக வந்தவன் எத்துணைச் சிறப்பாக ஆடினான் என்பதை உலகுக்கு உரைப்பது அவனுடைய எண். அவ்வெண்ணை உண்டாக்குவதோ அவனோடு ஆடிய மற்றையோர் ஆட்டம். வந்தோர் சிலரேயாயின் அளவுகோல் நிலையுறாது, பலராயின் உறுதிபெறும். நாற்பதாம் இடத்தவனும் தன் எறிகளால் முதல்வனுடைய புகழுக்குச் சான்று எழுதுகின்றான். பந்தயத்திற்குத் திரள் வேண்டும் என்பது ஆரவாரத்தின் பொருட்டு மட்டுமன்று, உண்மையின் பொருட்டுமாம்.

பரிசுப் பணமும் தோற்றவர் பங்கும்

பெரும்பந்தயங்களுக்கு வட்டு செய்யும் கம்பெனியாரும் பிறரும் பணம் உதவுவர். சிறு பந்தயங்களிலோ, ஆட வருவோர் செலுத்தும் நுழைவுக் கட்டணமே பரிசு நிதியின் பெரும்பகுதியாகும். வந்தோரனைவர்க்கும் அது பகிரப்படுவதில்லை. மேலிடம் பெற்ற ஒரு பகுதியினர்க்கே கிடைக்கும். ஏனையோர் கட்டணமும் வழிச்செலவும் இழந்து திரும்புவர். "நாளை என் தானத்தைச் செலுத்தப் போகின்றேன்" என்று அவருட் சிலர் தம்மையே நகையாடிக் கொள்வதுண்டு.

இதனால் ஒரு வழக்கு எழுகின்றது. திறமை குறைந்தோர் பணத்தால் திறமை மிக்கோர் வாழ்வது நியாயமோ என்பர் ஒருசாரார். திறமை மிக்கோர் வாராவிடின் அப்பந்தயத்துக்கு மதிப்பு ஏது என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. பால் மெக்பெத் என்னும் பெருவீரர் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு வட்டுக் கம்பெனியோடு பத்தாண்டுகளுக்குப் பத்து மில்லியன் டாலர் உடன்படிக்கை செய்துகொண்டார். அத்தகையோர் மிகச் சிலர். பலரோ தம் ஊர்தியிலேயே உறங்கி, ஊர் ஊராகச் சென்று, வெயிலிலும் மழையிலும் ஆடி, வரவைச் செலவோடு ஒப்பிட்டுக் கவலுகின்றனர்.

இக்குறையை ஓரளவு நீக்கவே பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. அனைவர்க்கும் பொதுவான தொழில்முறைப் பிரிவு ஒன்று, பெண்டிர்க்குரியது ஒன்று, நாற்பது, ஐம்பது ஆண்டு கடந்தோர்க்கெனத் தனிப்பிரிவுகள், பணம் கருதாது ஆடுவோர்க்குத் தகுதி எண் வாரியாகப் பிரிவுகள். தன்னை ஒத்தாரோடு ஒருவன் பொருதலே போட்டிக்கு உயிர். யானையோடு முயலைப் பொர விடுதல் காட்சிக்கு வேடிக்கையாகலாம், போட்டியாகாது. எனினும், முயல் விரும்பினால் யானைகளின் களத்திற் புகலாம் என்னும் உரிமையும் ஆங்கு உண்டு. பணம் கருதாது ஆடும் இளைஞன் தொழில்முறைப் பிரிவிற் பெயர் பதிந்து, பரிசு கிடைப்பினும் அதனை மறுத்துத் தன் நிலையைக் காத்துக்கொள்ளலாம். இடத்தினும் வருவோர் மிக்க பெரும்பந்தயங்களில் மட்டும், தகுதி எண் உயர்ந்தோர்க்கு முதலிலும், பிறர்க்குப் பின்னரும் பதிவுக் கதவு திறக்கப்படும்.

தாமே நடுவராதல்

இவ்வாட்டத்தில் நாம் மிக விரும்புவது ஒன்றுண்டு. பெரும்பாலான பந்தயங்களில் ஒவ்வொரு குழுவையும் தொடர்ந்து செல்லும் நடுவர் இல்லை. ஆடுவோர் நால்வர் ஒரு குழுவாகச் செல்வர். ஒருவர் கணக்கை மற்றவரே காண்பர். எல்லைக்கு வெளியே வட்டு வீழ்ந்தால் ஓர் எறி தண்டம். எறிவதற்குரிய காலம் 30 விநாடி. கூடைக்குப் பத்து மீட்டருக்குள் நின்று இடுபவன், நிலை தவறி முன்னே அடி வைத்தல் குற்றம். இக்குற்றங்களைச் சுட்டிக் கூறும் கடமை உடன் ஆடுவோருடையது. தன்னோடு போட்டியிடுவோனிடமே தன் கணக்கை ஒப்புவித்து ஆடுதல் எளிதன்று. பொய்யுரைப்பின் ஆதாயம் உண்டு, கண்டுபிடிப்போர் சிலரே. அந்நிலையில் மெய்யுரைத்தலன்றோ ஒழுக்கத்துக்கு உரைகல்!

ஆக்டன் நகரத்து நிகழ்ச்சி

திரளும் போட்டியும் ஒருங்கே கூடினால் யாது நிகழும் என்பதற்கு 2021ஆம் ஆண்டின் உலகப் பந்தயம் சான்று. முந்திய ஆண்டில் கொள்ளைநோயால் உலகப் பந்தயம் நிறுத்தப்பட்டது. எனவே 2021 ஜூன் மாதத்தில் யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில் கூடினோர், ஈராண்டு ஆவலைத் தாங்கி வந்தனர். ஐந்து முறை உலக வீரரான பால் மெக்பெத், இறுதிச் சுற்றின் இறுதி இலக்கை அடைந்தபோது, வர்ஜீனியா மாகாணத்தவரான ஜேம்ஸ் கான்ராடு என்பாரினும் ஓர் எறியால் முந்தியிருந்தார். கான்ராடுக்கு எஞ்சியிருந்த வழி ஒன்றே: 247 அடித் தொலைவில் நின்று, ஒரே எறியில் கூடையில் வீழ்த்துதல் வேண்டும். எறிந்தார். வட்டு வளைந்து பறந்து, சங்கிலியைத் தாக்கிக் கூடையில் தங்கிற்று. சூழ நின்றோர் எழுப்பிய முழக்கம் களத்தை நிறைத்தது. இருவர் கணக்கும் சமமாயின. சமன் தீர்க்கும் ஆட்டத்தில் கான்ராடு வென்றார். மெக்பெத் மனமுடைந்து ஒதுங்கினாரல்லர். அடுத்த ஆண்டில் கான்சாஸ் மாகாணத்து எம்போரியாவில், மற்றுமொரு சமன் தீர்க்கும் ஆட்டத்தில் ஏரன் காசேஜ் என்பாரை வென்று, ஆறாம் முறையாகப் பட்டம் பெற்றார்.

கான்ராடின் எறியை உலகம் பேசிற்று, பேசத் தக்கதே. ஆயின் மெக்பெத் போன்ற ஒருவர் ஓர் எறி முன்னே நில்லாதிருந்தால், அவ்வெறி ஒரு மாலை நேரத்து வேடிக்கையாகவே மறைந்திருக்கும். தோற்றவர் பெருமையே வென்றவர்க்கு மணிமுடியாயிற்று.

முடிவுரை

நம் கல்லூரி மைதானத்தில் ஆண்டுதோறும் நிகழும் பந்தயங்களை நினைவோம். ஓட்டத்திற்குப் பெயர் பதிய அழைக்குங்கால், "கெலிக்கப் போகிறவன் அவனே, நாம் ஏன் ஓடுதல் வேண்டும்?" என்று மாணவர் பலர் மரநிழலில் அமர்ந்துவிடுகின்றனர். மூவர் ஓடிய ஓட்டத்தில் ஒருவன் முதற்பரிசு பெறுகின்றான். அவன் விரைவுடையனோ, பிறர் சோம்பலுடையரோ என்பதை யார் கூறவல்லார்? நாற்பதாம் இடத்தவனாக வரத் துணிந்து நிற்பவன், தன் தோழனுடைய வெற்றியைத் தன் உழைப்பால் மெய்ப்பிக்கின்றான். தன்னுடைய அளவையும் அறிந்து கொள்ளுகின்றான். அடுத்த ஆண்டில் அழைப்பு வருங்கால், நண்பர்களே, நிழலை விட்டு எழுவீராக.