மனைவி பெயரில் 100 இசைத்தட்டு. வாசித்ததோ வேறு ஆட்கள்! கம்ப்யூட்டர் காட்டிக் கொடுத்த கணவர்

இங்கிலாந்தில் ராய்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். லண்டனுக்கு வடக்கே இருக்கிறது. அந்த ஊரில் ஒரு வயதான தம்பதி குடியிருந்தார்கள். மனைவி பெயர் ஜாய்ஸ் ஹாட்டோ. பியானோ கலைஞி. கணவர் வில்லியம் பாரிங்டன் கூப். இசைத்தட்டு கம்பெனி நடத்தியவர்.

இவர்களுடைய சின்ன கம்பெனியில் இருந்து 100-க்கும் மேற்பட்ட பியானோ சி.டி.க்கள் வெளிவந்தன. எல்லா அட்டையிலும் ஜாய்ஸ் ஹாட்டோ பெயர். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். பெரிய பெரிய விமர்சகர்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

2007 பிப்ரவரியில் குட்டு வெளிப்பட்டது. தட்டுக்குள் இருந்தது ஜாய்சின் வாசிப்பு அல்ல. அடுத்தவர் வாசித்தது! அப்போது ஜாய்ஸ் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கத்தி இல்லை, ரத்தம் இல்லை, பூட்டு உடைக்கவில்லை. ஆனாலும் இசை உலகத்தில் இப்படி ஒரு கைவரிசையைப் பார்த்தது கிடையாது என்கிறார்கள். அதன் விவரம் வருமாறு:-

யார் இந்த ஜாய்ஸ்?

ஜாய்ஸ் ஹாட்டோ 1928-ல் லண்டனில் பிறந்தவர். நிஜமாகவே பியானோ வாசிக்கத் தெரிந்தவர்தான். லண்டன் மேடைகளில் கச்சேரி செய்திருக்கிறார். ஆனால் முதல் வரிசைக் கலைஞர் என்று யாரும் சொன்னது இல்லை. 1956-ல் பாரிங்டன் கூப்பை மணந்தார். 1976-க்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. புற்றுநோய் என்று கணவர் சொன்னார்.

கணவரின் பழைய ஏடு கொஞ்சம் அழுக்கானது. 1966-ல் வரி ஏய்ப்பு வழக்கில் ஒரு வருடம் ஜெயில் தண்டனை வாங்கியவர். அதற்கு முன்பே மலிவு விலை இசைத்தட்டு வியாபாரத்தில் இருந்தார். அந்தத் தட்டுகளில் கற்பனைப் பெயர்கள் நிறைய வரும். ஒரு தட்டில் கண்டக்டர் பெயர் 'வில்ஹெல்ம் ஹேவகெஸ்' என்று இருந்தது. ஜெர்மன்காரர் பெயர் மாதிரி இருக்கிறதா? இங்கிலீசில் சேர்த்துப் படித்தால் 'ஹேவ் எ கெஸ்'. அதாவது, 'யார் என்று ஊகித்துப் பார்' என்று அர்த்தம்! காசு கொடுத்து வாங்குகிறவனைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி.

கண்டக்டர் என்றதும் டிக்கெட் கிழிக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மேல்நாட்டுக் கச்சேரியில் 80, 100 பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். அவர்களுக்கு முன்னால் கையில் குச்சியோடு நின்று, எங்கே வேகம், எங்கே நிதானம் என்று நடத்துகிறவர்தான் கண்டக்டர்.

ஒப்பிட்டுப் பார்க்கும் பைத்தியம்

நம்ம ஊர் வித்வான் ஒரே ராகத்தை இன்றைக்கு ஒரு மாதிரி வாசிப்பார், நாளைக்கு வேறு மாதிரி வாசிப்பார். மேல்நாட்டு செவ்வியல் இசையில் ஸ்வரம் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. பீத்தோவன் எழுதியதை 200 வருடமாக அப்படியே வாசிக்கிறார்கள். அப்புறம் வித்தியாசம் எங்கே வரும்? வேகத்தில், விரலின் அழுத்தத்தில், இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே விடுகிற ஒரு மூச்சு இடைவெளியில்.

அதனால் அங்கே இசைத்தட்டு சேர்க்கிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒரே உருப்படிக்கு 20, 30 தட்டு வாங்கி வைத்துக்கொண்டு, எது உசத்தி என்று விடிய விடிய சண்டை போடுவார்கள். அட்டைப் பெட்டியில் 8 தட்டு, 10 தட்டு என்று வருகிற 'பாக்ஸ் செட்' என்றால் உயிரை விடுவார்கள். ஒரே கலைஞர் பீத்தோவனின 32 சொனாட்டாவையும் வாசித்து முடித்தால் அது பெரிய சாதனை. பலருக்கு வாழ்நாள் வேலை.

ஜாய்ஸ் பெயரில் என்ன வந்தது தெரியுமா? பீத்தோவன் சொனாட்டா 32-ம் வந்தது. மொசார்ட் சொனாட்டா முழுவதும் வந்தது. புரோகோபியேவ் முழுவதும் வந்தது. லிஸ்ட், ஷோப்பான், ராக்மனினாவ், பிராம்ஸ் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. எழுபது வயது தாண்டிய, நோயாளியான ஒரு அம்மாள்!

2005-ல் அமெரிக்காவின் 'பாஸ்டன் குளோப்' பத்திரிகை இவரைப் பற்றி எழுதியது. உயிரோடு இருக்கும் பியானோ கலைஞர்களில் தலைசிறந்தவர் இவர்தான், ஆனால் இவரை யாருக்கும் தெரியாது என்கிற ரீதியில் பாராட்டு. ஒவ்வொரு இசையமைப்பாளருக்கும் ஏற்றபடி தன் பாணியையே மாற்றிக் கொள்கிறாரே, என்ன திறமை என்று ரசிகர்கள் வாய் பிளந்தார்கள். பாணி மாறாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தட்டிலும் வாசித்தது வேறு வேறு ஆள்!

சில பேருக்கு சந்தேகம் வராமல் இல்லை. முணுமுணுத்தார்கள். 2006-ல் 'கிராமபோன்' என்ற புகழ்பெற்ற லண்டன் இசைப் பத்திரிகையில் ஒரு விமர்சகர் சவால் விட்டார். மோசடி என்று சொல்கிறவர்கள் கோர்ட்டில் நிற்கக்கூடிய ஆதாரத்தோடு வரட்டும் என்றார். யாரும் வரவில்லை. அந்த ஜூன் மாதக் கடைசியில் ஜாய்ஸ் இறந்து போனார். வயது 77.

கம்ப்யூட்டர் கொடுத்த துப்பு

நியூயார்க் மாநிலத்தில் ஒரு ரசிகர். நிதித்துறையில் வேலை பார்ப்பவர். லிஸ்ட் எழுதிய 12 கடினமான பயிற்சி உருப்படிகள் அடங்கிய ஜாய்சின் சி.டி.யை 2007 ஆரம்பத்தில் கம்ப்யூட்டருக்குள் போட்டார். எந்த சி.டி. போட்டாலும் அதை வாசித்தவர் பெயரைக் கம்ப்யூட்டர் தானாகவே திரையில் காட்டும். அன்றைக்குத் திரையில் வந்த பெயர் லாஸ்லோ சைமன். ஸ்வீடன் நாட்டு 'பிஸ்' கம்பெனிக்காக வாசித்த கலைஞர்.

என்னடா இது என்று திகைத்தார் அவர்.

கம்ப்யூட்டர் இசையைக் கேட்டு ஆளைச் சொல்லவில்லை. அதற்குக் காது கிடையாது. தட்டில் உள்ள ஒவ்வொரு உருப்படியும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அளக்கிறது. ஒரு வினாடியை 75 கூறு போட்டு அளக்கிற கணக்கு அது. அந்த அளவை வைத்துக்கொண்டு பெரிய பட்டியலில் தேடுகிறது. 12 உருப்படியின் அளவும் ஒரே வரிசையில் ஒத்துப்போவது என்பது, பத்து விரல் ரேகையும் ஒத்துப்போகிற மாதிரி. ஒரே ஆள் மறுநாள் உட்கார்ந்து வாசித்தால்கூட அப்படி வராது.

ரசிகர் ஜெட் டிஸ்ட்லர் என்ற விமர்சகருக்கு எழுதினார். டிஸ்ட்லர் இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். 12-ல் 10 உருப்படி அச்சு அசல் ஒன்றுதான் என்று பட்டது. சந்தேகம் தீராமல் ஜாய்சின் ராக்மனினாவ் தட்டையும் கம்ப்யூட்டரில் போட்டார். அதில் வந்த பெயர் யெபிம் பிரான்ப்மன்! கிராமபோன் பத்திரிகையின் ஆசிரியர் ஜேம்ஸ் இன்வெர்னுக்குத் தகவல் பறந்தது. ஒலி நிபுணர் ஆண்ட்ரூ ரோசிடம் தட்டுகளைக் கொடுத்தார்கள். அவர் ஒலி அலைகளைப் படமாக வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். கோடு கோட்டோடு பொருந்தியது.

திருட்டு சைக்கிளுக்குப் புது பெயிண்ட் அடித்து விற்பார்கள் அல்லவா, அந்த வேலையும் நடந்திருக்கிறது. சில உருப்படிகளின் வேகத்தை மாற்றியிருந்தார்கள். கார்லோ கிராண்டே என்ற இத்தாலியக் கலைஞரின் வாசிப்பு ஒன்றில் சுமார் 15 சதவீதம் மாற்றம். லிஸ்ட் தட்டிலேயே ஒரு உருப்படி மினோரு நோஜிமா என்ற ஜப்பானியருடையது.

வேடிக்கை என்னவென்றால், அதே நேரம் லண்டன் பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு கோஷ்டி வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து நின்றது. ஷோப்பானின் மசூர்க்கா உருப்படிகளைப் பலர் வாசித்த தட்டுகளை வைத்து, ஒவ்வொரு தாளமும் எந்த நொடியில் விழுகிறது என்று அவர்கள் அளந்துகொண்டு இருந்தார்கள். யாரையும் பிடிக்க வேண்டும் என்று கிளம்பியவர்கள் அல்ல. ஜாய்சின் அளவும் யூஜின் இன்ஜிச் என்பவரின் அளவும் பிசகாமல் ஒன்றாக வந்து நின்றன.

இல்லாத கண்டக்டர்

தனியாக பியானோ வாசித்த தட்டைத் திருடுவது ஒரு ரகம். பெரிய வாத்தியக் குழுவோடு வாசித்ததைத் திருடினால் கண்டக்டருக்கும் பெயர் வைக்க வேண்டுமே! பாரிங்டன் கூப் வைத்தார். ரெனே கோலர்.

இந்தக் கோலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறும் எழுதினார். கையை நாஜிக்காரன் நசுக்கினானாம். டிரெப்ளிங்கா மரண முகாமில் இருந்து உயிர் பிழைத்தாராம். அப்புறம் சோவியத் சிறை முகாமில் கிடந்தாராம். படிக்கிறவர்களுக்குக் கண்ணீரே வந்துவிடும். அப்படி ஒரு கண்டக்டர் இருந்ததற்கு எந்தத் தடயமும் அகப்படவில்லை. டிரெப்ளிங்காவில் லட்சக்கணக்கான மக்களைக் கொன்றார்கள். அந்த இடத்தின் பெயரைத் தட்டு விற்க இழுத்துவிட்டதுதான் இந்தக் கதையில் நமக்கு மிகவும் அருவருப்பாகப் பட்டது.

கோலர் நடத்தியதாகப் போட்ட ராக்மனினாவை உண்மையில் நடத்தியவர் பின்லாந்துக்காரர் எசா-பெக்கா சலோனன். லண்டன் பில்ஹார்மோனியா குழு வாசித்தது. பிராம்சின் இரண்டாவது கான்செர்ட்டோவுக்கு பியானோ ஆஷ்கனாசி, வாசித்தது வியன்னா பில்ஹார்மோனிக், நடத்தியவர் ஹைடிங்க். எல்லாம் உலகப் புள்ளிகள்! காது இருக்கிறவர்களுக்கு வியன்னா குழுவின் நாதம் தனியாகத் தெரியும் என்று பெருமை பேசுவார்கள். அட்டையில் வேறு பெயர் போட்டதும் தெரியாமல் போயிற்று.

இதைவிட ஒரு கூத்து உண்டு. பிரான்ப்மனின் ராக்மனினாவ் தட்டு அவர் பெயரில் வந்தபோது கிராமபோன் விமர்சகர் ஒருவர் துடிப்பு போதாது என்று குறை சொன்னார். அதே வாசிப்பு ஜாய்ஸ் பெயரில் வந்தது. அதே விமர்சகர் ஆகா ஓகோ என்று எழுதினார்! அவர் ஒருவரை மட்டும் கேலி செய்வது நியாயம் இல்லை. நோயாளிக் கிழவி, மூடிய அறை, வலியோடு வாசிக்கிறாள் என்ற கதை காதுக்குள் முதலில் போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம்தான் இசை போயிற்று. பாராட்டியதெல்லாம் நல்ல வாசிப்பைத்தான். பாராட்டு மட்டும் உரியவர் வீட்டுக்குப் போகவில்லை.

இது முதல் தடவை அல்ல

ருமேனியாவின் டினு லிபாட்டி 1950-ல் 33 வயதில் இறந்த மகா கலைஞர். அவர் வாசித்த ஷோப்பான் கான்செர்ட்டோ என்று 1960-களில் ஈ.எம்.ஐ. கம்பெனியே ஒரு தட்டு போட்டது. ரசிகர்கள் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். 1981-ல் பி.பி.சி. ரேடியோவில் ஒலிபரப்பானபோது ஒரு நேயர், இது போலந்து நாட்டு ஹலினா செர்னி ஸ்டெபான்ஸ்கா வாசித்தது அல்லவா என்று பிடித்தார். சோதித்ததில் அதுவேதான்! கம்ப்யூட்டர் இல்லை, ஒரு மனுசக் காதுதான் கண்டுபிடித்தது.

ஜெர்மன் கண்டக்டர் பர்ட்வாங்லர் 1954-ல் இறந்தவர். அவர் நடத்திய கச்சேரி என்றால் எந்தத் துண்டு டேப்பையும் விடமாட்டார்கள். த்வோர்ஷாக்கின் 'புது உலகம்' சிம்பொனி அவர் பெயரில் உலவியது. பிறகு பார்த்தால் அது 1944-ல் மூனிக் நகரத்தில் ஆஸ்வால்டு கபாஸ்தா நடத்தியது. கபாஸ்தா 1946-ல் தற்கொலை செய்து கொண்டவர்.

மனைவிக்காகவே செய்தேன்!

பாரிங்டன் கூப் முதலில் ஒரேயடியாக மறுத்தார். எப்படி நடந்தது என்றே புரியவில்லை என்றார். பத்து, பதினைந்து நாளில் பணிந்தார். பிஸ் கம்பெனி முதலாளி ராபர்ட் வான் பாருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்.

அவர் சொன்ன கதை இது. மனைவி வாசிக்கும்போது வலியில் முனகுவார். அந்த முனகல் ஒலிப்பதிவில் விழுந்துவிடும். அந்த இடத்தை மட்டும் அடுத்தவர் தட்டில் இருந்து வெட்டி ஒட்டினேன். நாளடைவில் ஒட்டுகிற துண்டு நீண்டுகொண்டே போயிற்று. மனைவிக்கு எதுவும் தெரியாது. இதற்கு அவர் ஒரு முன்னுதாரணமும் காட்டினார். 1952-ல் பர்ட்வாங்லர் நடத்திய வாக்னர் இசை நாடக ஒலிப்பதிவில் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் எட்ட முடியாத உச்ச ஸ்வரத்தை எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிக் கொடுத்த சம்பவம்தான் அது.

ஒட்டுப்போட்ட சட்டை என்று சொன்னார். சட்டையே அடுத்தவன் சட்டையாக இருந்தது. எந்தத் தட்டில் யார் வாசித்தது என்று பட்டியல் கேட்டார்கள். கொடுக்க மறுத்துவிட்டார். சரக்கை எல்லாம் அழித்துவிட்டேன், கம்பெனியை மூடிவிட்டேன், உடம்பு சரியில்லை என்றார். மனைவிக்குத் தெரியுமா தெரியாதா என்பதைச் சொல்ல வேண்டிய அம்மாள் உயிரோடு இல்லை.

வான் பார் வழக்குப் போடவில்லை. மனைவி மேல் வைத்த பாசத்தால் செய்திருக்கலாம் என்று இரக்கப்பட்டார். திருட்டுக் கொடுத்தவரே இரக்கப்பட்டால் போலீஸ் என்ன செய்யும்! 2012 டிசம்பரில் பி.பி.சி. இந்தக் கதையை டெலிவிஷன் படமாகவே எடுத்து ஒளிபரப்பியது. 2014-ல் பாரிங்டன் கூப்பும் இறந்தார்.

ஜாய்ஸ் ஹாட்டோ தானே வாசித்த தட்டும் ஒன்று இருக்கிறது. ஆங்கில இசையமைப்பாளர் ஆர்னால்டு பாக்ஸ் எழுதிய 'சிம்பொனிக் வேரியேஷன்ஸ்', 1970-ல் பதிவு செய்தது. வாசித்தது கில்ட்போர்டு பில்ஹார்மோனிக் குழு. கண்டக்டர் வெர்னன் ஹேண்ட்லி. அவர் நிஜ ஆள்.