முழங்கால் மூட்டும் நெம்புகோலும்

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் சமதரையில் நடக்கிறார். ஊன்றிய காலின் முழங்கால் மூட்டு எவ்வளவு சுமையைத் தாங்குகிறது? 60 கிலோகிராம் என்றுதானே நினைக்கிறீர்கள்? உண்மையில் அது ஏறத்தாழ 150 கிலோகிராம்!

காரணம் நெம்புகோல் தத்துவமே. கதவைக் கீலுக்கு அருகில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள். மிகுந்த விசை வேண்டும். முழங்காலை இயக்கும் தசைநாண்களும் மூட்டுக்கு மிக அருகிலேயே அமைந்துள்ளன. ஆகவே தசைகள் பெருவிசையுடன் இழுக்க நேர்கிறது. அவ்விசையும் உடல் எடையோடு சேர்ந்து மூட்டை அழுத்துகிறது.

சுமை பெருகுவது போலவே, எடை குறைந்தால் நன்மையும் பெருகும். மூட்டுத் தேய்வுள்ள பருமனான முதியவர்களைப் பற்றி 2005இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, உடல் எடை 1 கிலோகிராம் குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோகிராம் குறைகிறது என்று காட்டியது. பருமனானவர்கள் சோற்றையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறைத்து, காய்கறியையும் பயறு வகைகளையும் கூட்டிக்கொண்டால் முழங்காலுக்கு அதுவே நல்ல உணவு.

எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதால் பயனுண்டா? இறுகிய தசை தளரும். வலி சிறிது காலம் தணியும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. நடக்கும்போது அது பஞ்சு போல் அழுந்தியும் விரிந்தும் மூட்டுத் திரவத்திலிருந்து ஊட்டம் பெறுகிறது. எனவே வலிக்குப் பயந்து நடப்பதையே விட்டுவிடக் கூடாது. நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டி மடக்கினால் தொடைத்தசை வலுப்பெறும்.

மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டால் சுடுகிறதா? நீவாதீர்கள், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அது வேறு வகை மூட்டு நோயாக இருக்கலாம்.