வெளிவருமுன் வந்த படிகளும் நூலகப் பதிவும்

மூத்த ஆயர்களும் பேராசிரியர்களும் தங்கள் நூல்களை இறையியல் நூலகங்களுக்கு அளிக்கும்போது, அவற்றினிடையே மெய்ப்புப்படிகளும் சில வேளை வந்துசேர்கின்றன. அச்சகத்தார் புரூஃப் என்று சொல்லும் இப்படிகள், நூல் வெளிவருமுன் மதிப்புரை எழுதுவோருக்கும் கருத்துரை கூறுவோருக்கும் அனுப்பப்பட்டவை. இவற்றை வெளிவந்த நூலின் இன்னொரு படியெனக் கருதி ஒரே பதிவின்கீழ்ச் சேர்த்துவிடுவது எளிது. ஆனால் அது தவறு. ஆசிரியர் இறுதியில் நீக்கிவிட்ட ஒரு வாக்கியத்தை மெய்ப்புப்படியிலிருந்து எடுத்து, அதனையே அவருடைய கொள்கையாகக் கொண்டு மறுத்த மாணவர் கட்டுரையொன்றை நான் திருத்தியதுண்டு. குற்றம் மாணவருடையதன்று.

நாம் நன்கறிந்த நூலொன்றைச் சான்றாகக் கொள்ளலாம். வெஸ்ட்காட், ஹார்ட் இருவரும் ஆயத்தம் செய்த கிரேக்கப் புதிய ஏற்பாடு 1881 மே மாதத்தில் வெளிவந்தது. ஆயினும் அதன் பகுதிகள் பத்தாண்டுகளுக்கு முன்னரே அச்சேறத் தொடங்கிவிட்டன. ஆங்கிலத் திருமறையைத் திருத்தும் பணி 1870 இல் தொடங்கியபின், திருத்தக் குழுவினரின் பயனுக்கெனச் சுவிசேஷங்கள் 1871 இல் அச்சிட்டு அளிக்கப்பட்டன. 1876 இல் வெளிப்படுத்தின விசேஷத்தோடு அப்பகுதிகள் நிறைவுற்றன. அவை விற்பனைக்கு வந்தவை அல்ல. மறைவாகப் பேணவேண்டுமென்று சொல்லியே தரப்பட்டவை. திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடும் அதே மே மாதத்தில் வெளிவந்தது. கிரேக்க பாடத்தைப் பிற அறிஞர் முன்னதாக ஆராய வழியில்லாமற்போன இம்மறைவை ஜான் பர்கன் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய பாட ஆய்வு முடிவுகளை நான் ஏற்பதில்லை. எனினும் இந்த ஒன்றில் நியாயம் அவர் பக்கம் இருந்தது என்றே எண்ணுகிறேன்.

அப்பகுதிகளுள் ஒன்று நம்மிடம் வந்தால் அதனை 1881 எனப் பதிவது எவ்வளவு பெரிய இழப்பு! எந்தப் பாடம் எந்த ஆண்டில் குழுவினர் கையில் இருந்தது என்னும் சான்றே மறைந்துபோகும்.

ஆகவே கையிலுள்ள படியை உள்ளவாறே வருணிக்கவேண்டும். தலைப்பும் பக்க எண்ணிக்கையும் பின்னர் மாறியிருப்பினும், இப்படியில் காண்பதையே எழுதுக. ஆண்டு அச்சிடப்படாமல் வேறு வழியால் தெரியவந்திருந்தால் அதனைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம். 'திருத்தப்படாத மெய்ப்புப்படி' என்றோ 'தனிச் சுற்றுக்குரியது' என்றோ குறிப்பில் காட்டி, வெளிவந்த பதிப்பின் பதிவுக்கும் இதற்கும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டுதல் வேண்டும். முன்னாள் உடையவர் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் இருப்பின் அதையும் சொல்லுக.

கணினிப் பட்டியலில் ஓர் இடர் உண்டு. வரவிருக்கும் நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணே மெய்ப்புப்படியிலும் பெரும்பாலும் அச்சாகியிருப்பதால், எண்ணை மட்டும் நம்பினால் இரண்டும் ஒரே பதிவாகிவிடும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சிடப்படும் பட்டியல் விவரமும் அத்தகையதே. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1971 முதல் நூல் வெளிவருமுன்னரே அதனை ஆயத்தம் செய்து தருவதால், முடிந்த நூலோடு ஒப்பிட்டபின்பே அதனை ஏற்கவேண்டும்.

இப்படிகளைப் பொதுத் தட்டில் வைக்காமல், கேட்போருக்கு வாசிப்பறையில் மட்டும் கொடுப்பது நலம்.