குல்லாயி (விசயநகரத் தொப்பி)

குல்லாயி என்பது விசயநகர அரசவையினர் அணிந்த உயரமான கூம்புத் தொப்பி. 'குலாஹ்' என்ற பாரசீகச் சொல்லே இதன் மூலம்; இன்றைய 'குல்லா'வும் அவ்வழி வந்ததே. திருமலைக் கோயிலில் இரு தேவியருடன் நிற்கும் கிருஷ்ணதேவராயரின் (ஆட்சி 1509–1529) உலோகச் சிலையில் இதைத் தெளிவாகக் காணலாம். அவர் சரிகைத் தொப்பி அணிந்திருந்ததைப் போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயசும் எழுதியுள்ளார். இவ்வளவு சான்று இருந்தும், திருமலைக்கு அதிகத் தொலைவில்லாத ஆவடி, அம்பத்தூர்ப் பள்ளி மேடைகளில் ராயர் பெரும்பாலும் பளபளக்கும் அட்டைக் கிரீடத்துடனேயே வருகிறார்.

முதன்முதலாகத் தைப்பவருக்கு இது எளிய வேலை. கால்வட்டத் துணி ஒன்று போதும். தலைச்சுற்றளவு 54 செ.மீ. எனில் கால்வட்டத்தின் ஆரம் 34.4 செ.மீ. (சுற்றளவு × 2 ÷ 3.14). தையலுக்காக எல்லா விளிம்புகளிலும் 1.5 செ.மீ. கூட்டி வெட்ட வேண்டும். பழைய பட்டுப்புடவையின் முந்தானை மேல்துணிக்கு ஏற்றது. உள்ளே கேன்வாஸ் வைத்தால்தான் தொப்பி நிமிர்ந்து நிற்கும். அதற்கு மட்டும் தையல் அளவு கூட்ட வேண்டாம், கூட்டினால் நுனி தடித்து ஊசி உடையும். நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து நேர் விளிம்புகளை இணைத்துத் தைத்து, நுனியில் மிஞ்சிய துணியைக் கத்தரித்த பிறகே தொப்பியைப் புரட்ட வேண்டும்.