ஒரே நேரத்தில் 4 அரசு வேலைக்கு விண்ணப்பமா? நோட்டுப் போட்டு எதையெல்லாம் எழுதி வைக்கணும்?

டிஎன்பிஎஸ்சி, எஸ்எஸ்சி, வங்கி, ரயில்வே என நாலு பக்கமும் விண்ணப்பம் போட்டுவிட்டுப் படித்துக் கொண்டிருக்கும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். தேர்வில் பாஸ் ஆகியும், சான்றிதழ் பதிவேற்றக் கடைசி நாள் எதுவென்று கவனிக்காமல் வாய்ப்பைக் கோட்டை விடுபவர்களும் உண்டு.

பிரச்னை பெரும்பாலும் பிரவுசிங் சென்டரிலேயே ஆரம்பித்துவிடுகிறது. கடைசி நாள் கூட்டத்தில் கடைக்காரரே ஒரு இமெயில் ஐடியை உருவாக்கி, பாஸ்வேர்டும் போட்டு, விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்துவிடுவார். ஆறு மாதம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்கப் போனால் அந்த பாஸ்வேர்டு இருவருக்குமே ஞாபகம் இருக்காது. தேர்வு வாரியங்கள் எஸ்எம்எஸ், இமெயில் அனுப்புவது பதிவு செய்த எண்ணுக்கும் ஐடிக்கும்தான். அதனால் இரண்டும் சொந்தமாக இருக்கணும். ஆஃபர் வருகிறதே என்று சிம்மை மாற்றுவதையும் தேர்வு முடியும்வரை தள்ளிப் போடலாம்.

பதிவு வேறு, விண்ணப்பம் வேறு

டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவுக்கு ரூ.150 கட்டணம், 5 ஆண்டுகள் செல்லும். இதைச் செய்துவிட்டாலே விண்ணப்பித்தாகிவிட்டது எனச் சிலர் நினைத்துக் கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு தேர்வு அறிவிப்புக்கும் தனியாக விண்ணப்பித்து, தேர்வுக் கட்டணமும் கட்ட வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்; விட்டால் பதிவு மூப்பு போய்விடும். இந்த இரண்டு தேதிகளும் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அடுத்து, தேர்வுக்கு ஒரு பக்கம். அறிவிப்பு எண், பதிவு எண், விண்ணப்பித்த நாள், கடைசி நாள், திருத்தம் செய்யும் நாட்கள், தேர்வு தேதி, பணம் கட்டிய ரசீது எண். எக்செல் ஷீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனால் 40 பக்க நோட்டுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை.

பலரும் எழுத மறக்கும் ஒன்று, கட்டணச் சலுகைக் கணக்கு. டிஎன்பிஎஸ்சியில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 3 முறை மட்டுமே இலவசம். எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று தெரியாமல் நாலாவது முறையும் சலுகை கேட்டால், அந்த விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

சான்றிதழ்கள்: அறிவிப்புக்கு முன்பே

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இதற்கு ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, அந்த வேலைக்கான கல்வித் தகுதி வரை தமிழில் படித்ததற்குச் சான்று வேண்டும். மூன்று பள்ளி மாறியவர் மூன்று பள்ளிகளுக்கும் நடக்கணும். தலைமை ஆசிரியர் லீவு, பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்று நாட்கள் ஓடும். இதை ரிசல்ட் வந்த பிறகு தொடங்குவது ரொம்பவே ஆபத்து.

மத்திய அரசு வேலைக்கு மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. பிற்படுத்தப்பட்டோர், மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். எந்தத் தேதிக்குள் வாங்கியது செல்லும் என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்து, நோட்டில் அதற்கு நேராகக் குறித்துக் கொள்ளலாம்.

போட்டோ, கையெழுத்து விஷயத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விதி. ஐபிபிஎஸ் வங்கித் தேர்வுகளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்ட கையெழுத்தை ஏற்பதில்லை; கைப்பட எழுதிய உறுதிமொழியும் இடது கட்டைவிரல் ரேகையும் கேட்கிறார்கள். பெரிய சைஸ் அசல் படங்களை ஒரு ஃபோல்டரில் வைத்துக் கொண்டால், தேவைக்கேற்பக் குறைத்துக் கொள்ளலாம்.

ரயில்வே பக்கத்தில் மட்டும் வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து எழுதணும். ரூ.500 கட்டியவர் முதல்கட்ட கணினித் தேர்வை எழுதினால் ரூ.400 திரும்பக் கிடைக்கும். விண்ணப்பத்தில் அம்மா கணக்கைக் கொடுத்தோமா, அப்பா கணக்கைக் கொடுத்தோமா என்பது, பணம் வரும் நேரத்தில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை.