சினைப்பை நீர்க்கட்டியும் சோற்றுத் தட்டும்

அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை அமைந்துள்ள ஆனைக்குட்டமும் அதைச் சூழ்ந்த சிவகாசி வட்டார ஊர்களும், மழையை எதிர்பார்த்திருக்கும் மானாவாரி நிலங்களையும் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் கூலியையும் நம்பி வாழ்பவை. பெட்டி ஒட்டுவதும் வெடிக்குத் திரி வைப்பதும் பெரும்பாலும் உட்கார்ந்த இடத்திலேயே பெண்கள் செய்யும் வேலைகள். எண்ணிக்கைக்கேற்பவே கூலி கிடைப்பதால், இடையில் எழுந்து நடப்பதுகூட அவர்களுக்கு வருமான இழப்பாகிறது. ‘உணவைக் குறையுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு மருத்துவமனையில் சொல்லப்படும் பொதுவான அறிவுரை, இந்த வாழ்க்கையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் பயன் தராது.

1935ஆம் ஆண்டில் ஸ்டெய்ன், லெவென்தால் என்னும் சிகாகோ மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் கண்டு விவரித்த சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி, இன்று குழந்தைப்பேற்று வயதிலுள்ள பெண்களில் 10 முதல் 13 விழுக்காட்டினருக்கு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஸ்கேனில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ கழலைகள் அல்ல; முழு வளர்ச்சி அடையாமல் பாதியில் நின்றுவிட்ட சினைமுட்டைப் பைகளே அவை. இரத்தத்திலுள்ள சர்க்கரையை உயிரணுக்களுக்குள் செலுத்தும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்தன்மை இயக்குநீரைப் பெருக்குவதால் முட்டை வெளிப்படுவது தடைபட்டு, மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, கருத்தரிப்பும் தாமதமாகிறது.

ஆகவே முதலில் மாற வேண்டியது சோற்றின் அளவு. தட்டில் பாதியைக் கீரையும் காய்களும், கால் பங்கைப் பயறு, கொள்ளு, முட்டை, மீன் போன்ற புரத உணவும் நிரப்ப, எஞ்சிய கால் பங்கே சோற்றுக்கு உரியது. இப்பகுதியிலேயே விளையும் குதிரைவாலி நல்ல மாற்று. ஆயினும் சிறுதானியமும் மாவுச்சத்தே என்பதால் அதையும் அளவோடுதான் உண்ண வேண்டும். பூப்பெய்திய பெண்களுக்குத் தென்மாவட்டங்களில் கிண்டித் தரும் உளுந்தங்களியில் உளுந்தின் புரதம் நன்மையே. அதில் சேரும் கருப்பட்டியோ வெள்ளைச் சர்க்கரையைப் போலவே இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். எந்த ஒரு தனி உணவுமுறையும் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று நிறுவப்படவில்லை என்பதால், பட்டினி கிடப்பதும் விலையுயர்ந்த சத்துமாவு வாங்குவதும் தேவையற்றவை.

எடை மிகுந்தவர்களுக்கு 5 விழுக்காடு, அதாவது 70 கிலோ எடையுள்ளவருக்கு மூன்றரை கிலோ குறைந்தாலே மாதவிலக்கு சீராகத் தொடங்குவதுண்டு. வாரத்துக்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை இன்சுலினின் செயலைச் சீராக்கும். வேலை முடிந்து வந்தபின் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் இக்கணக்கு நிறைவேறிவிடும். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டு அந்த நேரத்தைப் பெண்ணுக்கு உருவாக்கித் தருவது குடும்பத்தின் கடமை. மெலிந்த பெண்களுக்கும் இந்நோய்க்குறி வருவதால், எடையை மட்டும் பார்த்துப் பெண்ணைக் குறைகூறுவது அறிவுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

உணவு மருத்துவத்துக்குத் துணையே தவிர மாற்று அன்று. முட்டை வெளிப்பட உதவும் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் மருத்துவர் கண்காணிப்பில் நல்ல பலன் தருகின்றன. ஓராண்டு முயன்றும், 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால், மாதவிலக்கு ஒழுங்கின்றி வருபவராயின் அதற்கும் முன்பே, கணவனும் மனைவியும் சேர்ந்தே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விந்துப் பரிசோதனையைக் கணவன் தட்டிக்கழிக்கக் கூடாது.