லாபமா... சேவையா? ரெண்டும்தான் பாஸ்!

'முதல்ல செட்டில் ஆகணும். அப்புறம் நல்லா சம்பாதிக்கணும். அதுக்கப்புறம் ஊருக்கு ஏதாவது செய்யணும்...'

உங்க கேன்டீன் டேபிள்ல யார்கிட்ட வேணும்னாலும் ஃப்யூச்சர் பிளான் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் இந்த ஆர்டர்லதான் பதில் வரும். தப்பில்லை. ஆனா, 'அப்புறம்'ங்கிற அந்தக் குட்டி வார்த்தையில்தான் சிக்கலே! சம்பாதிப்பது ஒரு டிபார்ட்மென்ட், சேவை இன்னொரு டிபார்ட்மென்ட்னு நாமளே பிரிச்சு வெச்சுடறோம். ரெண்டையும் ஒரே தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டிய ஒருவர் நம்ம மதுரையிலேயே இருந்தார். அவரைப் பார்ப்போமா?

58 வயசில் ஸ்டார்ட்-அப்!

டாக்டர் கோ.வெங்கடசாமி. எல்லோருக்கும் 'டாக்டர் வி'. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரம் கிராமத்தில் 1918-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான முடக்குவாதம் தாக்கி, கை விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களோடுதான் கண் ஆபரேஷன் கற்றுக்கொண்டு, அரசு மருத்துவராகப் பேர் வாங்கினார். 1976-ல், 58 வயதில் ரிட்டயர்மென்ட். ஈஸி சேரில் சாய வேண்டிய நேரத்தில் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார் அரவிந்த் கண் மருத்துவமனையை. வீடு அடமானத்துக்குப் போனது, குடும்பத்தினரின் நகைகள் அடகுக்குப் போயின.

'ஆஸ்பத்திரிக்கும் பிசினஸுக்கும் என்ன சம்பந்தம்?'னு கேட்கறீங்களா? இருக்கு! டாக்டர் வி-யை அசத்திய கம்பெனி எது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ்! எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே முறை, கட்டுப்படியாகும் விலை. 'பர்கரை இப்படிக் கொடுக்க முடிஞ்சா, கண் பார்வையை ஏன் கொடுக்க முடியாது?' - இதுதான் அவர் கேட்ட கேள்வி.

கணக்கு எங்கே உதைக்கலை?

இங்கேதான் பி.காம், பி.பி.ஏ பார்ட்டிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரணும். ஆபரேஷன் தியேட்டர், மைக்ராஸ்கோப், டாக்டர் சம்பளம்... ஒரு நாளைக்கு அஞ்சு ஆபரேஷன் செய்தாலும் இருபத்தஞ்சு செய்தாலும் இந்தச் செலவு பெரிசா மாறாது. எண்ணிக்கை கூடக் கூட, ஒரு ஆபரேஷனுக்கான செலவு குறைஞ்சுக்கிட்டே வரும்.

அதனால் தியேட்டரில் ஒரு டாக்டருக்குப் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு டேபிள். ஒருத்தருக்கு ஆபரேஷன் முடியும்போது அடுத்தவர் ரெடி. டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை மட்டும் டாக்டர் செய்வார். மற்ற வேலைகளை, கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட பெண்கள் கவனிப்பார்கள். அவங்களுக்கும் வேலை கிடைச்சாச்சு!

வசதியானவங்க பணம் கட்டுவாங்க. அதில் மிஞ்சுவதை வைத்து, முடியாதவங்களுக்கு இலவசம் அல்லது ரொம்பக் குறைந்த கட்டணம். ரூமில் ஏ.சி இருக்கலாம், இல்லாமல் இருக்கலாம். ஆனா, கத்தி பிடிக்கிற டாக்டர் ரெண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்ப்பவர்தான். 'இலவசம்தானே' என்கிற அலட்சியத்துக்கு இடமே இல்லை.

இப்ப கவனிங்க. நிறைய ஆபரேஷன் செய்யச் செய்ய டாக்டர்களுக்குக் கை பழகுது. கை பழகினால் பேர் வருது. பேர் வந்தால் பணம் கட்டுகிறவங்களும் தேடி வர்றாங்க. ஆக, சேவை லாபத்தைச் சாப்பிடலை. அதை வளர்த்திருக்கு!

சிக்கல்களும் இல்லாமல் இல்லை. 'ஆபரேஷன் இலவசம்'னு சொல்லியும் முகாமுக்கு வந்த பலர் ஆஸ்பத்திரிக்கு வரலை. ஏன்? பஸ் காசு, சாப்பாடு, ஒரு நாள் கூலி, கூட வர ஒரு ஆள்... இதெல்லாம் ஏழைக்கு இலவசம் இல்லையே! அதைப் புரிஞ்சுக்கிட்டு பஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாத்தையும் சேர்த்தே கொடுத்தாங்க. அடுத்த சிக்கல், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ். இறக்குமதி விலை ஏழைக்கு எட்டாதது. 1992-ல் 'ஆரோலேப்' நிறுவனத்தைத் தொடங்கி மதுரையிலேயே தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகுது.

2006-ல் டாக்டர் வி மறைந்தார். அவர் போட்ட கணக்கு இன்னும் தப்பலை.

நாணயத்தின் மறுபக்கம்

சேவை செய்தாலே நல்ல முதலாளியா? அவசரப்படாதீங்க.

இன்று நாம் அவசரத்துக்கு அழைக்கும் 108 ஆம்புலன்ஸ் 2005-ல் ஹைதராபாத்தில் உருவானது. தொடங்கியவர், சத்யம் கம்ப்யூட்டர்ஸ் ராமலிங்க ராஜு. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய திட்டம். ஆனா, 2009 ஜனவரி 7-ம் தேதி, பல வருஷமாகக் கம்பெனிக் கணக்கில் பொய் எழுதி வந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். தொகை, சுமார் 7,000 கோடி ரூபாய்! முதலீட்டாளர்களின் பணம் கரைந்தது. 'நாளைக்கு வேலை இருக்குமா?'னு ஆயிரக்கணக்கான ஊழியர்கள் தூக்கம் தொலைத்தார்கள். 2015-ல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஏழு வருட சிறைத் தண்டனை விதித்தது. பிறகு மேல்முறையீட்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டது.

ஆம்புலன்ஸ் நிஜம். மோசடியும் நிஜம். ஒரு பக்கம் செய்த நல்லதை வைத்து இன்னொரு பக்கத்துப் பொய்யை அழிக்க முடியாது. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவரும், நம்பிப் பணம் போட்டவரும்கூட சமுதாயம்தானே?

அந்த 98 சதவிகிதம்?

2014 ஏப்ரலில் இருந்து நம்ம நாட்டில் ஒரு சட்டம் இருக்கு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனிகள், கடந்த மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடணும். நல்ல விஷயம். ஆனா, உண்மையான கேள்வி மிச்சம் 98 சதவிகிதம் எப்படி வந்ததுங்கிறதுதான்.

திருப்பூரைப் பாருங்க. டாலர் கொட்டிய ஊர். ஆனா, சாயக்கழிவு நொய்யலில் கலந்து விவசாயம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரே ஸ்தம்பித்தது. ஆற்றைக் காப்பாற்ற மறந்த தொழில், கடைசியில் தன்னையே காப்பாற்ற முடியாமல் தவித்தது.

ஜாம்ஷெட்பூரில் நடந்தது வேற கதை. 1912-லேயே டாடா இரும்பு ஆலையில் எட்டு மணி நேர வேலை. நாடு முழுக்கத் தொழிற்சாலைச் சட்டம் அதைக் கொண்டுவந்தது 1948-ல்தான்!

கேம்பஸில் இருந்தே ஆரம்பிங்க!

நாளைக்கு நீங்க கம்பெனி தொடங்கலாம், இல்லை ஒரு கம்பெனியில் சேரலாம். எதுவானாலும் மூணு கேள்வியை பாக்கெட்ல வெச்சுக்கோங்க.

1. இந்த லாபத்துக்காக யாராவது, எங்கேயாவது நஷ்டப்படறாங்களா?

2. செய்யற சேவை, தொழிலுக்குள்ளேயே இருக்கா? இல்லை, போட்டோவுக்கு மட்டும் வெளியே நிக்குதா?

3. இலவசமா வாங்கறவருக்கும் பணம் கொடுக்கறவருக்கும் ஒரே தரம் கிடைக்குதா?

கேம்பஸ் இன்டர்வியூவில் 'எனி கொஸ்டின்ஸ்?'னு கேட்பாங்களே... அப்ப சம்பளத்தோட சேர்த்து இதையும் கேட்டுப் பாருங்க. பதில் சொல்ற விதத்திலேயே கம்பெனி எப்படின்னு பாதி புரிஞ்சுடும்!